கர்ணாலியில் லக்சிகா

"அம்மா இன்னும் அதே இடத்திலதான் அப்பா," என்றாள் அட்சயா. பள்ளிக்கூடப் பையை ஒரு தோளில் மட்டும் கொழுவிக்கொண்டு குசினி வாசலில் நின்று கைபேசியை அவனிடம் நீட்டினாள்.

பிரியந்தன் தேயிலை வடியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான். திரையில் பழுப்பு மலைகளுக்கு நடுவே நூல்போல ஓர் ஆறு. அதன் ஒரு முடக்கில் நீலப் புள்ளி. நேற்றுக் காலையும் அது அங்கேதான் இருந்தது. நேபாளத்தின் மேற்கு மூலையில் கர்ணாலி என்ற அந்த ஆற்றில் ஐந்து பேர் ஐந்து கயாக்குகளில் இறங்கியிருந்தார்கள். ஆளுக்கொரு படகு, உட்கார்ந்தால் இடுப்புவரை மூடிக்கொள்ளும் ஒடுங்கிய சின்னப் படகு. அவர்களில் ஒருத்தி லக்சிகா, அவன் மனைவி. குழுவின் தலைவர் றிச்சர்ட்டிடம் இருந்த கருவிதான் சற்றலைட் வழியாக அந்தப் புள்ளியை அனுப்பிக்கொண்டிருந்தது. அங்கே பொழுது சாயும்போது இங்கே கனடாவில், ரூஜில் விடியும். அவர்கள் கரையேறிக் கூடாரம் அடித்ததும் 'எல்லாரும் நலம்' என்று ஒரு வரி வரும். இவன் தேத்தண்ணி வடிக்கிற நேரத்துக்கு அது வந்து சேரும். அதைப் பார்த்த பிறகுதான் சீனி போடுவான். நேற்று அந்த வரி வரவில்லை. இன்றும் வரவில்லை.

"ரெஸ்ட் எடுக்கினமாக்கும்," என்றான்.

"ரெண்டு நாளாவோ?"

றிச்சர்ட்டின் மனைவி ஷரோன் ஒட்டாவாப் பக்கத்தில் இருந்தாள். நேற்றே அவளுக்குப் போன் எடுத்துக் கேட்டிருந்தான். ஆபத்தென்றால் அமத்துவதற்குக் கருவியில் ஒரு பொத்தான் இருக்கிறது, அதை ஒருவரும் அமத்தவில்லை, மலை மறைத்திருக்கலாம், தண்ணீர் புகுந்திருக்கலாம் என்று அவள் நிதானமாகச் சொன்னாள். நாளை வரைக்கும் பார்ப்போம், பிறகு காத்மண்டுவில் இருக்கிற ஆட்களுக்குப் போன் அடிப்போம் என்றாள். இருபது வருடமாகப் புருசனை ஆறுகளுக்கு அனுப்பிப் பழகிய குரல். பிரியந்தனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவனுக்கு நீந்தவே தெரியாது. கோடையில் மிண்டன் பக்கத்து ஆறுகளில் லக்சிகா இறங்கும்போது, மீட்புக் கயிற்றுப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பான். எறியச் சொன்னால் எந்தப் பக்கம் எறிவது என்றுகூட அவனுக்கு நிச்சயமில்லை.

வெளியே கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. அட்சயா யன்னலால் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "அம்மப்பா," என்றாள்.

லக்சிகாவின் தகப்பன் இராஜரட்ணம் றிச்மண்ட் ஹில்லில், பிள்ளையார் கோயிலுக்குக் கிட்ட, முதியோர் தொடர்மாடியில் தனியாக இருந்தார். கோயில்தான் அவருக்குப் பாதி நாள். சொல்லாமல் வரமாட்டார். வந்தாலும் இவ்வளவு காலையில் வரமாட்டார். கதவைத் திறந்தபோது மார்போடு ஒரு பெரிய காட்போட் பெட்டியை அணைத்தபடி சிரித்துக்கொண்டு நின்றார். அடுத்த வீட்டு முற்றத்தில் ஹலோவீனுக்குக் கட்டியிருந்த காற்றடைத்த பேய் அவருக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்தது.

"தம்பி, இன்னும் ரெண்டு பெட்டி காரில கிடக்கு. பல்லுத் தூரிகையும் பேஸ்ட்டும். கோயில் மடத்தில சாப்பிடேக்க சும்மா ஒரு சொல்லுத்தான் சொன்னனான், எங்கட பிள்ளை இமயமலைப் பக்கம் போய் ஏழைப் பிள்ளையளுக்குப் பல்லுப் பாக்கிறாள் எண்டு. சனம் கொண்டுவந்து குவிச்சுப் போட்டுது. லக்சி அடுத்தமுறை போகேக்க கொண்டு போகட்டும்."

லக்சிகா பல் வைத்தியசாலையில் பல் சுத்தம் செய்கிறவள். அந்த வகையில் பொய் பொருத்தமாக அமைந்துவிட்டது. நேபாளத்தில் பல் முகாம் என்று தகப்பனிடம் சொன்னது அவள். பக்கத்தில் இருந்து தலையாட்டியது பிரியந்தன். சொல்லாமல் மறைத்ததற்குக் காரணம் இருந்தது. லக்சிகாவுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, கனடாவுக்கு வந்த இரண்டாவது கோடையில், ஊர்ச் சங்கத்து ஒன்றுகூடலுக்கென்று வடக்கே ஓர் ஏரிக்குப் போயிருந்தார்கள். இறைச்சி வாட்டுகிற புகைக்குள் பெரியவர்கள் நின்றார்கள். அவளுடைய அண்ணன் நிரூபன் பந்தை எடுக்கப் போனவன், இடுப்பளவு தண்ணீரில் இருந்து இன்னும் ஓர் அடி வைத்தான். அங்கே நிலம் இருக்கவில்லை. லக்சிகா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கூப்பிடவில்லை, கையை ஆட்டவில்லை, விளையாடுகிறான் என்றுதான் நினைத்தாளாம். அதற்குப் பிறகு இராஜரட்ணத்தின் வீட்டில் குளிக்கிற தொட்டியைக்கூட ஒருவரும் நிறைத்ததில்லை. ஏரிக்கரையோடு போகிற லேக்ஷோர் வீதியால் போகவேண்டி வந்தால் அவர் சுற்றிக்கொண்டு வேறு வீதியால் போவார்.

"அம்மப்பா," என்றாள் அட்சயா. அவள் கண்கள் நிறைந்திருந்தன. பிரியந்தன் அவளைத் தடுக்கப் பார்த்தான். ஆனால் தடுக்கவும் மனம் வரவில்லை. "அம்மா பல்லு காம்புக்குப் போகேல்ல. ஷீ இஸ் கயாக்கிங். பெரிய ஆத்தில. ரெண்டு நாளா அவவின்ர டொட் மூவ் பண்ணேல்ல. வீ டோன்ட் நோ எனிதிங்."

இராஜரட்ணம் ஒரு சப்பாத்தைக் கழற்றியிருந்தார். மற்றதைக் கழற்றாமல் வாசல் வாங்கில் அப்படியே இருந்துவிட்டார். பெட்டி மடியில் இருந்தது. அவர் பிரியந்தனைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார், பிறகு பெட்டியின் மேல் ஒட்டியிருந்த நாடாவை நகத்தால் சுரண்டினார். திட்டுவார், எழும்பிப் போய்விடுவார், நெஞ்சைப் பிடித்துக்கொள்வார் என்று பிரியந்தன் என்னென்னவோ எதிர்பார்த்தான்.

"எந்த ஆறு?" என்று கேட்டார்.

"கர்ணாலி எண்டு சொல்லுறது மாமா."

"கர்ணாலி." பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "அவளும் கரையில நிண்டவள்தானே தம்பி. கண்ணால கண்டவள். பிறகும் எப்பிடி?"

அந்தக் கேள்வியைப் பிரியந்தனும் ஒருகாலத்தில் அவளிடம் கேட்டிருக்கிறான். அட்சயாவை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போய், குளோரின் மணக்கிற வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் முப்பத்துமூன்று வயதில் ஒருநாள் தானும் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். நீச்சல் பழகிய அதே தடாகத்தில் குளிர்காலச் சனிக்கிழமைகளில் யாரோ கயாக் பழக்கினார்கள். படகோடு தலைகீழாகக் கவிழ்ந்து, தண்ணீருக்குள் இருந்தபடி துடுப்பை வீசி இடுப்பைத் திருப்பி மறுபடி நிமிர வேண்டும். அதுதான் முதல் பாடம். முதல் நாள் அவள் வீட்டுக்கு வந்து ஈரத் தலையோடு கட்டிலில் இருந்து சொன்னாள்: "நிரூபன் கடைசியாக் கண்டது என்னெண்டு எனக்குத் தெரியவேணும் போல இருந்தது. உள்ளுக்கை போய்ப் பாத்தன். பச்சையா வெளிச்சம் இருக்குது. சத்தமே இல்லை. நான் நினைச்ச மாதிரிப் பயங்கரமா இல்லை." அதற்குப் பிறகு அவள் நித்திரையில் திடுக்கிட்டு எழும்புவது நின்றுபோனது. இதையெல்லாம் மாமனாருக்கு எப்படிச் சொல்வது என்று பிரியந்தனுக்குத் தெரியவில்லை. சொல்லத் தொடங்கி இரண்டு வசனத்தில் நின்றுவிட்டான்.

அட்சயாதான் அவர் பக்கத்தில் போய் இருந்தாள். கைபேசியில் தாயின் வீடியோ ஒன்றைத் தேடி எடுத்து ஓடவிட்டாள். போன வைகாசியில் எடுத்தது. மஞ்சள் தலைக்கவசம், சிவப்புப் படகு. வெள்ளையாக நுரைத்துக்கொண்டு வருகிற தண்ணீர் படகின் பக்கத்தில் அடிக்க, லக்சிகா சரிந்தாள், கவிழ்ந்தாள், மறைந்தாள். படகின் அடிப்பக்கம் மட்டும் மீனின் முதுகுபோல மிதந்து போனது. இராஜரட்ணத்தின் கை பெட்டியை இறுக்கிக்கொண்டது. அப்போது ஒரு துடுப்பு வெளியே வந்தது, பிறகு ஒரு தோள், கடைசியாகத் தலை. லக்சிகா முகத்தை உதறிக்கொண்டு சிரித்தாள்.

"திருப்பிப் போடு," என்றார்.

போட்டாள். மறுபடியும் போடச் சொன்னார். மறைகிற இடத்தில் ஒவ்வொருமுறையும் மூச்சை அடக்கினார். அவள் வெளியே வரும்போது அவரும் மூச்சை விட்டார். தலைகீழாக நிற்கிற நேரத்தில் தலையை மேலே தூக்கப் பார்க்கக்கூடாது, எல்லாரும் அதைத்தான் செய்யப் பார்ப்பார்கள், இடுப்புத்தான் முதலில் வரவேண்டும், தலை கடைசி என்று அட்சயா தமிழும் ஆங்கிலமுமாக விளங்கப்படுத்தினாள். அவர் ஒரு மாணவனைப்போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உதெல்லாம் பழக்கிற இடம் இருக்கு, என்ன," என்றார் கடைசியில். "அவனை ஒருத்தரும் பழக்கேல்லை. தண்ணிப் பக்கம் போகாதை எண்டு மட்டும் சொல்லி வைச்சனாங்கள்."

பிரியந்தனின் கைபேசி அடித்தது. மூவரும் துள்ளினார்கள். ஏஜக்ஸில் இருந்து மக்டலீன் என்ற பெண். கராஜ் கதவின் ஸ்பிரிங் முறிந்துவிட்டது, கார் உள்ளே மாட்டிக்கொண்டது, மத்தியானம் முதியோர் இல்லத்தில் வேலை, தம்பி எப்படியாவது வரவேண்டும். கராஜ் கதவு பூட்டுவதும் திருத்துவதும்தான் பிரியந்தனின் தொழில். முடியாது என்று சொல்ல வாயெடுத்தான்.

"போவம்," என்றார் இராஜரட்ணம். "இஞ்ச இருந்து சுவரைப் பாத்து என்ன செய்யிறது. நானும் வாறன்."

அட்சயாவைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, ஒரு சொல் வந்தாலும் உடனே அனுப்புவதாகச் சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டு, 401 நெடுஞ்சாலையில் கிழக்கே ஓடினார்கள். அவனுடைய வேலை வானின் பின்பக்கத்தில் இரும்புக் குழாய்கள் கிணுகிணுத்தன. முன்னால் போன லொறியைப் பார்த்தபடி இராஜரட்ணம் கேட்டார்: "நீங்கள் ஏன் மறிக்கேல்லை?"

"மறிச்சனான் மாமா. எயார்போட்டில வைச்சும் மறிச்சனான்." பக்கக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு லொறியை முந்தினான். "சுயநலம் எண்டு சொன்னனான். எங்களைப் பற்றி நினைக்காமல் போறீர் எண்டு. ஒருத்தரும் பக்கத்தில இல்லையெண்டு நினைச்சு உரத்துச் சொல்லிப் போட்டன். அட்சயா வண்டில் எடுத்துக்கொண்டு பின்னால வந்து நிண்டவள்."

"அதுக்கு அவள் என்ன சொன்னவள்?"

அவன் இடது முழங்கையின் கீழே ஒரு நீளத் தழும்பு உண்டு. இழுவிசை ஏறிய ஸ்பிரிங் ஒன்று கைநழுவியபோது இரும்புக் கம்பி அடித்து எலும்பு முறிந்த இடம். அதன்மேல் லக்சிகா இரண்டு விரலை வைத்தாள். கை ஆறியதும் அவன் மறுபடி அதே வேலைக்குப் போனதை இருவரும்தான் அறிவார்கள். பிறகு படகை வண்டிலில் ஏற்றி உருட்டிக்கொண்டு போய்விட்டாள். சுயநலம் என்ற அந்தச் சொல்லோடுதான் அவளை அனுப்பியிருக்கிறான். இரண்டு நாளாக அவனைத் தின்றுகொண்டிருந்தது புள்ளி மட்டுமல்ல.

மக்டலீனுக்கு ஐம்பது வயதிருக்கும். வேலைக்குரிய நீலச் சட்டையை ஏற்கெனவே போட்டிருந்தாள். இவர்களுடைய முகத்தைப் பார்த்ததும் என்ன விசயம் என்று கேட்டாள். மன்னார்க்காரி, கேட்டால் பதில் வாங்காமல் விடமாட்டாள். பிரியந்தன் ஒரு வரியில் சொன்னான். "கடவுளே," என்று நெஞ்சில் சிலுவை போட்டாள். "நான் உள்ளுக்கு அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொழுத்திறன். அய்யா, நீங்கள் இந்தக் கதிரையில இருங்கோ." இராஜரட்ணம் இருக்கவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கதவுக்கு மேலே, சுவரோடு போகிற இரும்புத் தண்டில், முறிந்த ஸ்பிரிங்கைக் கழற்றிப் புதியதைப் போட்டான். கதவின் பாரத்தை ஸ்பிரிங் ஏற்கும்படி இனி அதை முறுக்க வேண்டும். ஆபத்து அதில்தான். இரண்டு இரும்புக் கம்பிகளை ஸ்பிரிங்கின் முனையில் உள்ள துளைகளில் மாறி மாறிச் செருகி, ஒவ்வொரு தடவையும் கால்வட்டம் திருப்ப வேண்டும். ஒரு கம்பியை உருவும்போது மற்றக் கம்பியில் முழுக்கதவின் பாரமும் நிற்கும். ஒவ்வொரு திருப்பலோடும் பாரம் ஏறும். இடையில் கையை விட முடியாது.

"பின்னுக்கு நில்லுங்கோ மாமா. நேர பாக்காதேங்கோ."

பாதிக்கு மேல் முறுக்கியிருப்பான். காற்சட்டைப் பையில் கைபேசி அடித்தது.

அவன் இரண்டு கையும் கம்பிகளில் இருந்தன. தோள் நரம்பு புடைத்திருந்தது. அடித்தது, அடித்தது, நின்றது. "மாமா," என்றான், குரல் கிழிந்து வந்தது, "பொக்கற்றில. எடுங்கோ." இராஜரட்ணம் ஏணியில் இரண்டு படி ஏறி, மருமகனின் பையில் கையை விட்டுத் துழாவினார். கைபேசி வெளியே வந்தபோது மறுபடி அடிக்கத் தொடங்கியது. முன்பின் தெரியாத நீண்ட இலக்கம். விரலால் இழுத்தார், எடுபடவில்லை. சேட்டில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தார். ஸ்பீக்கரும் சேர்ந்து திறந்துகொண்டது. இரைச்சல். எங்கோ ஒரு நாய் குரைத்தது.

"ஹலோ," என்றார்.

"இஞ்சாருங்கோ, நான்தான்..." லக்சிகாவின் குரல் நின்றது. "ஆர்? அப்பாவோ?"

இராஜரட்ணம் ஒரு கையால் ஏணியை இறுக்கிப் பிடித்தார்.

"விழுந்தனியோ?" என்று கேட்டார்.

அந்தப் பக்கம் நாய் மறுபடி குரைத்தது.

"ஓம் அப்பா."

"எழும்பிட்டியோ?"

"எழும்பிட்டன்." அவள் அழுதுகொண்டு சிரித்தாள், அல்லது சிரித்துக்கொண்டு அழுதாள். "ரெண்டுதரம் வரேல்லை. மூண்டாந்தரம் எழும்பிட்டன் அப்பா."

பிறகு அவள் அவசர அவசரமாகச் சொன்னாள். ஒரு கடைக்காரரின் போனாம், எந்த நேரமும் நிற்குமாம். ஒடுங்கிய பள்ளத்தாக்கு ஒன்றில் றிச்சர்ட்டின் படகு பாறைக்குக் கீழே செருகிக்கொண்டது. கருவியும் அதோடு போய்விட்டது, அங்கேதான் கிடக்கிறது. றிச்சர்ட் தோள் மூட்டு விலகித் தண்ணீரில் அள்ளுப்பட்டு வந்தார். கரையில் இருந்து கயிறு எறிந்து இழுத்தது லக்சிகா. இன்று பகல் முழுக்க அவரை நடத்தி, மலையில் இருக்கிற இந்த ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நாளைக்கு அவரோடு ஒருவர் வெளிக்கிட்டுப் போகிறார்.

"மிச்சம் மூண்டு பேர். ஆறு இன்னும் கிடக்கு. கீழ போகப் போகத் தண்ணி பெரிசாகும், ஆனா இவ்வளவு பொல்லாததில்லை எண்டு சொல்லுகினம். மற்ற ரெண்டு பேரும் இறங்கப் போகினம். நானும் இறங்கினா, முடியிற வரைக்கும் உங்களுக்கு ஒண்டும் தெரியவராது. புள்ளியும் இல்லை." மூச்சு வாங்கினாள். "விடிய நான் முடிவு சொல்லவேணும். அவர் பக்கத்தில நிக்கிறாரோ அப்பா?"

இராஜரட்ணம் கைபேசியை மருமகனின் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தார்.

பிரியந்தனிடம் சொல் தயாராக இருந்தது. திரும்பி வாரும். இரண்டு நாளாக அதைத்தான் வாய்க்குள் வைத்திருந்தான். இப்போது சொன்னால் அவள் கேட்பாள். அவளுடைய குரலில் அதற்கு இடம் இருந்தது, மறுக்கமாட்டாள், மலை இறங்கி விமானம் ஏறி வந்துவிடுவாள். நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. கம்பிகளில் நின்ற பாரம் தோள்வழியாக முதுகுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவன் அந்த ஆற்றைக் கண்டதில்லை. இந்தப் பாரம் எவ்வளவு என்று ஏணிக்குக் கீழே நிற்கிற ஒருவருக்கும் தெரியாததுபோல, அந்தத் தண்ணீர் எவ்வளவு என்று இவனுக்குத் தெரியாது.

"உம்மட கை எப்பிடி இருக்கு?" என்று கேட்டான்.

"நடுங்குது."

"எனக்கும் நடுங்குது. ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு நிக்கிறன்." அவள் சிரிப்பது கேட்டது. "பயமா இருக்கோ?"

"பயம்தான். ஆனா போக ஏலும் எண்டும் இருக்கு. ரெண்டும் இருக்கு."

"அப்ப நீர்தான் சொல்லவேணும். ஆத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறது நீர். போனாலும் சரி, வந்தாலும் சரி, நான் அண்டைக்குச் சொன்ன மாதிரி ஒருநாளும் நினைக்கமாட்டன். அது பிழையான கதை. கேட்டுதோ?"

"கேட்டுது," என்றாள். சின்னக் குரல்.

இராஜரட்ணம் கைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பிள்ளை, கவிண்டா தலையைத் தூக்காதை. இடுப்புத்தான் முதல் வரவேணும், தலை கடைசி," என்றார், அவளுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுப்பதுபோல. "அப்பா, உங்களுக்கு ஆர்..." என்று அவள் தொடங்கியபோது தொடர்பு அறுந்தது. திருப்பி எடுத்தார்கள். போகவில்லை. இன்னொருமுறை எடுத்தார்கள். ஒரு பெண் குரல் நேபாளியில் ஏதோ சொல்லிவிட்டு நின்றது.

அவள் என்ன முடிவெடுப்பாள் என்று இருவருக்கும் தெரியவில்லை. ஒருவரை ஒருவர் கேட்கவும் இல்லை. பிரியந்தன் மிச்சத் திருப்பல்களை முடித்து, திருகாணிகளை இறுக்கிப் பூட்டிவிட்டுக் கம்பிகளை உருவியபோது விரல்கள் விரிய மறுத்தன. ஏணியின் கடைசிப் படியில் இருந்து அட்சயாவுக்கு எழுதினான்: 'அம்மா கதைத்தா. சுகமா இருக்கிறா. அம்மப்பாவோடயும் கதைத்தா.' மறுமொழி உடனே வந்தது. வகுப்பில் கைபேசியை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்திருப்பாள். சொல் ஒன்றும் இல்லை, வாயை ஆவென்று திறந்து அழுகிற ஒரு மஞ்சள் முகம் மட்டும் வரிசையாகப் பலமுறை.

உள்ளே இருந்து மக்டலீன் கார்த் திறப்போடு ஓடிவந்தாள். "கதைச்சிட்டாவோ? எனக்குக் கேட்டுது, எனக்குக் கேட்டுது," என்று இராஜரட்ணத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவர் வெட்கப்பட்டவர்போல ஓம் ஓம் என்றார்.

"மாமா, கதவை ஒருக்காத் தூக்கிப் பாருங்கோ," என்றான் பிரியந்தன்.

"நானோ? என்னால ஏலாது தம்பி. என்ன பாரமிருக்கும்."

"ஏலும். தூக்குங்கோ."

இராஜரட்ணம் குனிந்து இரண்டு கையையும் கொடுத்தார். பெரிய பாரத்துக்கு ஆயத்தமாகி மூச்சை இழுத்துக்கொண்டு தூக்கினார். கதவு காற்றுப்போல எழும்பி வந்தது. அவர் திடுக்கிட்டு அரைவாசியில் நிறுத்தினார். ஈர மேப்பிள் இலைகள் ஒட்டிக்கிடந்த கீழ்விளிம்பு அவர் நெஞ்சளவில் நின்றது. அதற்குக் கீழால் ஐப்பசி வெயில் சீமெந்துத் தரையில் பரவி, அவருடைய சப்பாத்துகள்வரை வந்தது.

"இப்ப கையை விடுங்கோ. தானாய் நிக்கும்."

"விழுந்திடும்."

"விழாது மாமா."

அவர் நம்பவில்லை. ஆனாலும் முதலில் இடது கையை எடுத்தார். பிறகு வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். கடைசி விரலை எடுத்தபின்னும் உள்ளங்கையைக் கதவுக்குக் கீழே, தொட்டும் தொடாமலும், வெகுநேரம் ஏந்தியபடியே நின்றார். கதவு அப்படியே நின்றது.